பிரெடெரிக் டியூடர்

பிரெடெரிக் டியூடர் (செப்டம்பர் 4, 1783 – பெப்ரவரி 6, 1864) ஐக்கிய அமெரிக்காவின் பாஸ்டன் நகரைச் சேர்ந்த வணிகர் ஆவார். குளிர்காலத்தில் ஏரிகளின் மேற்பரப்பில் உறையும் பனிக்கட்டியை வெட்டியெடுத்து, கப்பல்களில் ஏற்றி, வெப்ப நாடுகளில் விற்கும் தொழிலைத் தொடங்கி வளர்த்தவர் இவரே. இதனால் இவர் பனிக்கட்டி அரசர் என அழைக்கப்பட்டார். மார்ட்டினிக், கியூபா, கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய இடங்களுக்கு இவருடைய பனிக்கட்டி சென்றது. சென்னைக் கடற்கரையில் ஐஸ் அவுஸ் என்று இன்றும் வழங்கப்படும் கட்டடம் இவருடைய பனிக்கட்டியைச் சேமிப்பதற்காகக் கட்டப்பட்டதாகும். குளிரூட்டும் இயந்திரங்கள் வருவதற்கு முன்பே வெப்ப நாடுகளில் பனிக்கூழ் (ஐஸ்கிரீம்) செய்வதற்கு வழி ஏற்பட்டதில் இவருக்குப் பெரும்பங்கு உண்டு.

இளமைக்காலம்

டியூடர் பாஸ்டனில் வசதியான குடும்பம் ஒன்றில் பிறந்தார். தந்தை வில்லியம் டியூடர் வழக்கறிஞர். அமெரிக்க விடுதலைப் போரின்போது ஜார்ஜ் வாஷிங்டனின் படையில் சட்ட அதிகாரியாகப் பணியாற்றியவர். மூத்த சகோதரர் வில்லியம் பின்னாளில் நார்த் அமெரிக்கன் ரிவியூ என்னும் இதழைத் தொடங்கியவர்களுள் ஒருவர். சகோதரர்கள் ஆர்வர்டு கல்லூரியில் பயின்றபோதும், பிரெடெரிக் 13 ஆவது வயதிலேயே பள்ளிப்படிப்பை நிறுத்திவிட்டு வணிகத்தில் நாட்டம் கொண்டார்.

1801 ஆம் ஆண்டில், நோயுற்றிருந்த சகோதரர் ஜான் என்பவருடன் கியூபாவின் அவானா நகருக்குச் சென்றார். அங்கு நிலவிய கடும் வெப்பம் நோயாளிக்கு ஏற்றதாக இல்லை. ஜான் 1802 இல் காலமானார். வெப்ப நாடுகளில் குளிர்ந்த நீர் எவ்வளவு அரிய பொருள் என்பதை இப்பயணம் இவருக்கு உணர்த்தியது.

பாஸ்டனை அடுத்த பகுதிகளில் பண்ணை வைத்திருந்த குடும்பங்கள் குளிர்காலத்தில் குளத்துப் பனிக்கட்டியை நிலவறையில் சேமித்து, கோடையில் பானங்களுக்கும் பனிக்கூழுக்கும் பயன்படுத்துவது வழக்கம். டியூடர் குடும்பமும் அவ்வாறே செய்துவந்தது. 1805 இல் குடும்பத்தார் கூடியிருந்தபோது, இப்பனிக்கட்டியை மேற்கிந்தியத் தீவுகளில் விற்றால் என்ன என்ற பேச்சு எழுந்தது. மற்றவர்கள் வேடிக்கையாகப் பேசிய அக்கருத்தைப் பிரெடெரிக் மட்டும் தொழில் திட்டமாக எடுத்துக்கொண்டார். அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில் இதற்கெனத் தனி நாட்குறிப்பு எழுதத் தொடங்கினார்.

மார்ட்டினிக் பயணம்

1806 பெப்ரவரியில் பேவரிட் என்னும் கப்பலில் பனிக்கட்டியை ஏற்றிக்கொண்டு, பிரெஞ்சு ஆட்சியில் இருந்த மார்ட்டினிக் தீவுக்கு டியூடர் புறப்பட்டார். இத்தகைய சரக்கை ஏற்றக் கப்பல் உரிமையாளர்கள் தயங்கியதால், கப்பலையே விலைக்கு வாங்க வேண்டியதாயிற்று. பாஸ்டன் நாளிதழ்களும் இம்முயற்சியை நகைப்புடன் நோக்கின.

மார்ச் மாதத்தில் கப்பல் செயின்ட் பியர் துறைமுகத்தை அடைந்தபோது சரக்கின் பெரும்பகுதி உருகாமல் இருந்தது. ஆயினும் அதனை இறக்கி வைக்கப் பனிக்கட்டிக் கிடங்கு எதுவும் அங்கு இல்லை. வாங்கியவர்களுக்கு அதனை எப்படிக் கையாளுவது என்பதும் தெரியவில்லை. சிலர் திறந்த வெளியில் வைத்தனர், சிலர் நீரில் இட்டனர். பனிக்கட்டி வீணானது.

இந்நிலையில் அந்நகரின் திவோலி பூங்கா உரிமையாளர், அத்தட்பவெப்பத்தில் பனிக்கூழ் செய்யவே முடியாது என்று உறுதியாகக் கருதினார். டியூடர் அவரைப் பாலாடையைத் தயார் செய்யச் சொல்லி, தாமே முன்னின்று அதனை உறையவைத்துக் காட்டினார். முதல் நாள் இரவில் மட்டும் பூங்காவில் சுமார் 300 டாலருக்குப் பனிக்கூழ் விற்றது. மொத்தப் பயணமோ சில ஆயிரம் டாலர் நட்டத்தில் முடிந்தது.

எனினும் இரண்டு பாடங்கள் கிடைத்தன. பனிக்கட்டியைக் கடல்கடந்து கொண்டுசெல்வதைவிட, சென்ற இடத்தில் அதனைச் சேமித்து வைப்பதே கடினமான பணி என்பது முதலாவது. அதனைப் பயன்படுத்தும் முறையை மக்களுக்குக் கற்பிக்காமல் விற்பனை நடவாது என்பது இரண்டாவது. பிற்காலத்தில் தாம் சென்ற ஊர்களில் எல்லாம் உணவு விடுதிக்காரர்களுக்குச் சில காலம் பனிக்கட்டியை இலவசமாகக் கொடுத்தும், பனிக்கூழ் செய்முறையைக் கற்பித்தும் டியூடர் வாடிக்கையாளர்களை உருவாக்கினார்.

கடனும் சிறையும்

அடுத்துவந்த ஆண்டுகள் டியூடருக்கு மிகவும் துன்பமானவை. 1807 இல் அமெரிக்க அரசு வெளிநாட்டு வணிகத்துக்கு விதித்த தடையும், பின்னர் 1812 இல் பிரித்தானியாவுடன் மூண்ட போரும் கப்பல் போக்குவரத்தை முடக்கின. தந்தை நில முதலீட்டில் பெரும் பொருளை இழந்தார். கடனைத் திருப்பித்தர இயலாமல் 1809 க்கும் 1813 க்கும் இடையில் டியூடர் ஒன்றுக்கு மேற்பட்ட முறை கடனாளிகளுக்கான சிறையில் அடைக்கப்பட்டார்.

1815 இல் மீண்டும் கடன் வாங்கி, அவானாவில் சுமார் 150 டன் கொள்ளும் பனிக்கட்டிக் கிடங்கு ஒன்றைக் கட்டினார். இரட்டைச் சுவர்களுக்கு இடையே காப்புப்பொருள் நிரப்பப்பட்ட கிடங்கு அது. 1816 இல் 40 விழுக்காடு வட்டிக்குப் பணம் பெற்று, கியூபாவின் பழங்களைப் பனிக்கட்டியில் பொதிந்து நியூயார்க்குக்கு அனுப்பினார். பழங்களில் பெரும்பாலானவை வழியிலேயே அழுகிவிட்டன. ஆயினும் தொழிலை அவர் கைவிடவில்லை. சார்லசுடன், சவன்னா, நியூ ஓர்லியன்ஸ் ஆகிய தென்மாநில நகரங்களில் அடுத்தடுத்துக் கிடங்குகள் அமைந்த பின்னரே வருவாய் நிலைபெற்றது. கியூபாவிலும் அமெரிக்கத் தென்மாநிலங்களிலும் இவருடைய வாடிக்கையாளர்களில் பலர் அடிமைகளின் உழைப்பால் செல்வம் ஈட்டிய தோட்ட முதலாளிகள் என்பதும் குறிப்பிடத்தக்கது.

தொழில்நுட்ப மேம்பாடுகள்

ஒரு கிலோகிராம் பனிக்கட்டி உருகுவதற்குத் தேவையான வெப்பம், அதே அளவு நீரைச் சுழியம் பாகையில் இருந்து 80 பாகை செல்சியசு வரை சூடாக்கப் போதுமானது. எனவே பெரிய குவியலாக நெருக்கமாக அடுக்கி, காற்றும் உருகிய நீரும் தங்காமல் பார்த்துக்கொண்டால் பனிக்கட்டி மிக மெதுவாகவே உருகும். டியூடரின் வணிகம் முழுவதும் இவ்வுண்மையைச் சார்ந்தே நடந்தது.

தொடக்கத்தில் கோடரியாலும் கைவாளாலும் வெட்டிய கட்டிகள் ஒழுங்கற்று இருந்ததால் அவற்றுக்கிடையே இடைவெளி மிகுந்தது. 1825 இல் நதானியேல் வயத் என்பவர் குதிரை இழுக்கும் வெட்டுக்கருவி ஒன்றை உருவாக்கினார். ஏர் உழுவதுபோல் ஏரியின் மேற்பரப்பில் நேர்கோடுகளாகப் பள்ளமிட்டு, ஒரே அளவுள்ள கட்டிகளைப் பிரித்தெடுக்க இக்கருவி உதவியது. இதனால் வெட்டும் செலவு பெருமளவு குறைந்தது. கட்டிகளையும் செங்கல் போல அடுக்க முடிந்தது. வைக்கோலுக்குப் பதிலாக மரத்தூள் காப்புப்பொருளாகப் பயன்பட்டது. மரம் அறுக்கும் ஆலைகளில் கழிவாகக் கிடந்த அப்பொருள் மலிவாகக் கிடைத்தது.

கல்கத்தா, பம்பாய்

1833 மே மாதத்தில் சாமுவேல் ஆஸ்டின், வில்லியம் ராஜர்ஸ் ஆகியோருடன் கூட்டுச் சேர்ந்து, டஸ்கனி என்னும் கப்பலில் 180 டன் பனிக்கட்டியைக் கல்கத்தாவுக்கு டியூடர் அனுப்பினார். நிலநடுக்கோட்டை இரண்டு முறை கடந்து, நான்கு மாதங்களுக்குப் பின் கப்பல் சென்றடைந்தபோது சுமார் 100 டன் எஞ்சியிருந்தது. ஆங்கிலேய அதிகாரிகள் இதற்குச் சுங்கவரி விலக்கு அளித்ததோடு, வெயிலைத் தவிர்க்க இரவில் சரக்கை இறக்கவும் இசைவளித்தனர். தலைமை ஆளுநர் பென்டிங்க் பிரபு, சரக்குடன் வந்த ராஜர்சுக்கு வெள்ளிக் கோப்பை ஒன்றைப் பரிசளித்தார். நகரவாசிகள் பொதுமக்கள் நிதி திரட்டிக் கிடங்கு ஒன்றையும் கட்டினர்.

இதற்கு முன்னர் வங்காளத்தில் குளிர்கால இரவுகளில், வைக்கோல் மீது பரப்பிய ஆழமற்ற மண் தட்டுகளில் நீரூற்றி, மெல்லிய பனியாக உறையவைத்துச் சேகரிக்கும் முறை இருந்தது. அது சேறு கலந்ததாகவும் குறைந்த அளவினதாகவும் இருந்தது. பாஸ்டன் பனிக்கட்டி கண்ணாடி போலத் தெளிவாக இருந்ததால் எளிதில் வரவேற்பைப் பெற்றது.

பம்பாயிலும் 1834 இல் அமெரிக்கப் பனிக்கட்டி அறிமுகமானது. பார்சி வணிகர் ஜம்செட்ஜி ஜீஜீபாய் தம் விருந்தொன்றில் பனிக்கூழ் பரிமாறியதாகவும், அதன்பின் விருந்தளித்தவருக்கும் விருந்தினருக்கும் சளி பிடித்ததாக உள்ளூர் இதழ் எழுதியதாகவும் சொல்லப்படுகிறது.

இதே காலத்தில் காப்பி விலை உயரும் என எதிர்பார்த்துச் செய்த முதலீட்டில் டியூடர் 2,00,000 டாலருக்கும் மேல் இழந்தார். அக்கடனை அடைக்க இவருக்கு 15 ஆண்டுகள் வரை ஆயின. அதற்குப் பெரிதும் கைகொடுத்தது கல்கத்தா வணிகமே.

சென்னை

சென்னைக் கடற்கரையில் திருவல்லிக்கேணிக்கு அருகில் 1842 ஆம் ஆண்டளவில் டியூடரின் பனிக்கட்டிக் கிடங்கு கட்டப்பட்டது. வட்ட வடிவ முகப்பும் தடித்த சுவர்களும் கொண்ட இக்கட்டடம் அக்காலத்தில் கடலுக்கு இன்னும் அருகில் இருந்தது.

அந்நாளில் சென்னையில் துறைமுகம் இல்லை. கப்பல்கள் கரையிலிருந்து தொலைவில் நங்கூரமிட்டு நிற்க, பலகைகளைக் கயிற்றால் தைத்துச் செய்த மசூலாப் படகுகளே அலைகளைக் கடந்து சரக்கைக் கரைசேர்த்தன. மாதக்கணக்கில் கப்பலின் அடித்தட்டில் உருகாமல் காக்கப்பட்ட பனிக்கட்டிக்குப் பயணத்தின் இக்கடைசிப் பகுதியே மிகவும் ஆபத்தானதாக இருந்தது. கடற்கரையிலேயே கிடங்கு அமைந்ததற்கு இதுவும் காரணமாகும். படகோட்டிகளின் உழைப்பின்றி இவ்வணிகம் சென்னையில் நடந்திருக்க இயலாது.

பனிக்கட்டியை வாங்கியவர்கள் பெரும்பாலும் ஆங்கிலேயரும் செல்வந்தர்களும் ஆவர். மருத்துவர்கள் காய்ச்சலைத் தணிக்கவும் இதனைப் பயன்படுத்தினர். சாதாரண மக்கள் மண்பானை நீரையே குளிர்ச்சிக்கு நம்பியிருந்தனர்.

பனிக்கூழ்ப் பொறியும் உப்பும்

பனிக்கட்டி கிடைத்தாலும் அதனைக் கொண்டு மட்டும் பனிக்கூழ் செய்ய இயலாது. உருகும் பனிக்கட்டியின் வெப்பநிலை சுழியம் பாகை. சர்க்கரை கலந்த பாலோ பழச்சாறோ உறைவதற்கு அதைவிடக் குறைந்த வெப்பநிலை தேவை. நொறுக்கிய பனிக்கட்டியுடன் உப்பைக் கலந்தால், உப்பு நீரின் உறைநிலையைத் தாழ்த்துகிறது. பனிக்கட்டி விரைவாக உருகி, அதற்கு வேண்டிய வெப்பத்தைத் தன்னைச் சுற்றியுள்ள பொருட்களிலிருந்து ஈர்த்துக்கொள்கிறது. கோட்பாட்டளவில் இக்கலவை ஏறத்தாழ –21 பாகை செல்சியசு வரை குளிரக்கூடும். நடைமுறையில் –10 முதல் –15 பாகை வரை கிடைத்தாலே போதுமானது.

டியூடரின் காலத்துக்கு முன்பே மூடியுள்ள உலோகப் பாத்திரத்தை இக்கலவையில் அமிழ்த்தி, கையால் திருப்பியும் அவ்வப்போது திறந்து சுரண்டியும் பனிக்கூழ் செய்யும் முறை ஐரோப்பாவில் வழக்கிலிருந்தது. 1843 செப்டம்பர் 9 ஆம் நாள் பிலடெல்பியாவைச் சேர்ந்த நான்சி ஜான்சன் என்னும் பெண்மணி, கைப்பிடியால் சுழற்றும் பனிக்கூழ்ப் பொறிக்குக் காப்புரிமை பெற்றார். மரத்தொட்டி, அதனுள் நிற்கும் உலோகக் கலன், கலனுக்குள் சுழலும் துளையிட்ட துடுப்பு ஆகியவை இதன் உறுப்புகளாகும். தொட்டிக்கும் கலனுக்கும் இடையில் பனிக்கட்டியும் கல்லுப்பும் நிரப்பப்படும். கைப்பிடியைச் சுழற்றும்போது துடுப்பு கலனின் ஓரத்தில் உறையும் படலத்தைச் சுரண்டி நடுவில் சேர்க்கும். இதனால் பெரிய படிகங்கள் உருவாகாமல் பனிக்கூழ் மென்மையாகிறது. சிறிது காற்றும் உட்புகுகிறது.

பால் சேராமல் பழச்சாறும் சர்க்கரைப் பாகும் மட்டும் கொண்டு செய்வது சோர்பே எனப்படும். சர்பத் என நாம் வழங்கும் சொல்லோடு ஒரே மூலத்தில் பிறந்த சொல் இது. இதில் சர்க்கரையின் அளவு முதன்மையானது. குறைந்தால் கட்டியாக இறுகிவிடும். மிகுந்தால் உறையாமல் குழம்பாகவே இருக்கும்.

தற்காலத்தில் வீடுகளில் பயன்படும் சிறு மின்பொறிகளில் ஒருவகை, இரட்டைச் சுவருள்ள கிண்ணத்தைக் கொண்டது. சுவர்களுக்கு இடையே அடைக்கப்பட்டுள்ள நீர்மத்தைக் குளிர்பதனப் பெட்டியின் உறைபகுதியில் முதல்நாளே உறையவைத்து, பின்னர் குளிர்ந்த கலவையை ஊற்றி ஓடவிட்டால் 20 முதல் 30 நிமிடங்களில் பனிக்கூழ் கிடைக்கும். சேமித்து வைத்த குளிரைச் செலவிடும் இம்முறை அடிப்படையில் மரத்தொட்டி முறையே ஆகும்.

எண்ணூர், காத்திவாக்கம்

பனிக்கூழுக்கு வேண்டிய இரண்டு பொருட்களில் பனிக்கட்டி பாஸ்டனிலிருந்து வந்தது. உப்போ சென்னைக்கு வடக்கே, அருகிலேயே விளைந்தது. வங்காள விரிகுடாவுக்கும் உப்புநீர்க் கால்வாய்க்கும் இடையே கொசத்தலை ஆற்றின் கழிமுகத்தை ஒட்டி அமைந்தது காத்திவாக்கம். அதனை அடுத்த எண்ணூர், அத்திப்பட்டுப் பகுதிகளில் உப்பளங்கள் இருந்தன. கழிமுகத்து நீரைப் பாத்திகளில் தேக்கி, வெயிலில் வற்றவிட்டு உப்பு எடுக்கப்பட்டது. 1805 இல் சென்னை மாகாணத்தில் உப்பு விற்பனை அரசின் தனியுரிமையாயிற்று.

எண்ணூரையும் சென்னையையும் இணைக்க பாசில் காக்ரேன் வெட்டிய கால்வாய், டியூடரின் முதற்கப்பல் புறப்பட்ட அதே 1806 இல் பயன்பாட்டுக்கு வந்தது. சுமார் 11 மைல் நீளமுள்ள இக்கால்வாயில் உப்பும் விறகும் படகுகளில் சென்னைக்கு வந்தன. பின்னர் நீட்டிக்கப்பட்டு, 1878 இல் பக்கிங்காம் கால்வாய் எனப் பெயர்பெற்றது. பனியை அறியாத இக்கடற்கரையில், பனியை மேலும் குளிரச் செய்யும் பொருளுக்குப் பஞ்சம் இருக்கவில்லை. காத்திவாக்கம் 2011 இல் சென்னை மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டது. தொழிற்சாலைகளும் அனல்மின் நிலையங்களும் துறைமுகமும் வந்தபின் இப்பகுதியின் உப்பளங்கள் பெரிதும் சுருங்கிவிட்டன.

இறுதிக்காலம்

டியூடர் 1834 இல், தமது 50 ஆவது வயதில், யூபீமியா பென்னோ என்னும் இளம்பெண்ணை மணந்தார். இவர்களுக்கு ஆறு பிள்ளைகள் பிறந்தனர். கூட்டாளிகளுடன் எளிதில் பிணக்குக் கொள்பவராகவும், போட்டியாளர்களை ஒடுக்க விலையை அடிமட்டத்துக்குக் குறைப்பவராகவும் இவர் அறியப்பட்டார். மறுபுறம், நகான்ட் என்னும் கடலோரச் சிற்றூரில் ஏராளமான மரங்களை நட்டு வளர்த்தார்.

1846–47 குளிர்காலத்தில் வால்டன் குளத்தில் பனிக்கட்டி வெட்டப்பட்டதை எழுத்தாளர் ஹென்றி டேவிட் தோரோ கண்டார். 1854 இல் வெளியான தம் வால்டன் நூலில், அக்குளத்து நீரை அருந்தக்கூடிய ஊர்களுள் ஒன்றாகச் சென்னையையும் குறிப்பிட்டுள்ளார். 1856 இல் பாஸ்டனிலிருந்து ஏற்றுமதியான பனிக்கட்டியின் அளவு சுமார் 1,46,000 டன் ஆகும். அதற்குள் பிற நிறுவனங்களும் இத்தொழிலில் நுழைந்திருந்தன. டியூடர் செல்வந்தராகவே 1864 பெப்ரவரி 6 அன்று பாஸ்டனில் காலமானார்.

வணிகத்தின் முடிவும் எச்சங்களும்

டியூடர் மறைந்து 10 ஆண்டுகளில் சென்னை வணிகம் ஆட்டம் கண்டது. 1874 இல் நீராவி ஆற்றலால் பனிக்கட்டி தயாரிக்கும் இன்டர்நேசனல் ஐஸ் கம்பனி சென்னையில் தொடங்கப்பட்டது. கடல்கடந்து வரும் பனிக்கட்டியால் அதன் விலையோடு போட்டியிட முடியவில்லை.

கைவிடப்பட்ட கிடங்கை வழக்கறிஞர் பிலிகிரி ஐயங்கார் வாங்கி, சாளரங்கள் அமைத்து வீடாக மாற்றி, கேசில் கெர்னன் எனப் பெயரிட்டார். 1897 பெப்ரவரியில் சுவாமி விவேகானந்தர் இங்கு ஒன்பது நாட்கள் தங்கினார். 1917 இல் கட்டடம் அரசின் வசமானது. சகோதரி சுப்புலட்சுமி நடத்திய இளம் விதவையர் விடுதியும் சில காலம் இங்கு இயங்கியது. 1963 இல் விவேகானந்தர் இல்லம் எனப் பெயர் மாற்றப்பட்டது. இந்தியாவில் டியூடரின் வணிகத்துக்காக எழுந்த மூன்று கிடங்குகளில் இன்று எஞ்சியிருப்பது இது ஒன்றே.

பனிக்கட்டி இன்று வடசென்னையின் அன்றாடப் பொருளாகிவிட்டது. காசிமேட்டிலிருந்து கடலுக்குச் செல்லும் விசைப்படகுகள் மீனைக் காக்க நொறுக்கிய பனிக்கட்டியை ஏற்றிச் செல்கின்றன. 1970 இல் இராயபுரத்தில் ஆர். ஜி. சந்திரமோகன் குச்சி ஐஸ் தயாரிக்கும் சிறு தொழிலைத் தொடங்கினார். அதுவே பின்னர் அருண் ஐஸ்கிரீம் என வளர்ந்தது. ஒரு காலத்தில் நான்கு மாதம் கடலில் பயணம் செய்து, செல்வர்களின் மேசையை மட்டும் அடைந்த குளிர்ச்சி, தள்ளுவண்டியில் தெருக்களுக்கு வந்து சேர்ந்தது.